அடிபிடித்த கஞ்சி

மலையடிவாரத்தில், ஓடைக்கு இந்தக் கரையில், ஒரு சின்ன மடம் இருந்தது. ஆடி பிறந்துவிட்டால் மலைமேலிருக்கும் அய்யனார் கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் அந்த வழியாகத்தான் போவார்கள். மத்தியானம் மடத்தில் எல்லாருக்கும் வெந்தயக் கஞ்சியும் துவையலும் உண்டு. அதைக் குடித்துவிட்டு ஏறினால்தான் ஒன்பது மைல் ஏற்றத்துக்குக் கால் தாங்கும்.

மடத்துக்குத் தலைவி செண்பகத்தம்மாள். அவர் உட்கார்ந்து உபதேசம் செய்து யாரும் பார்த்ததில்லை. வரப்பு வெட்டுவார், விறகு பிளப்பார், கேட்டதற்குப் பதில் சொல்வார். சில சமயம் அதுவும் சொல்லமாட்டார்.

உலகநாதன் பதினோரு வருஷமாக அவருடைய சீடர். மடத்துச் சமையலும் அவர்தான். குருவைவிட அவருக்கு ஆறு வயது கூடுதல். அதனால் குரு அவரை அண்ணாச்சி என்பார். அவர் குருவை அம்மா என்பார். இரண்டு பேருக்கும் அது உறுத்தியதே இல்லை.

உலகநாதனுக்கு ஒரே மகள், கோமதி. கோமு என்று கூப்பிடுவார்கள். ஆறு வயதில் தாயைப் பறிகொடுத்தாள். பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கும் என்று டவுனில் தம்பி வீட்டில் விட்டிருந்தார். அந்த வீட்டில் இரண்டு பையன்கள், வருஷா வருஷம் பரிசு வாங்குகிறவர்கள். கோமுவை யாரும் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. ஆனால் அங்கே அவளுக்கு மக்கு என்று ஒரு பேர் இருந்தது. செல்லமாகத்தான் கூப்பிட்டார்கள்.

பன்னிரண்டு வயதில், வைகாசி மாசம், அவளை மடத்துக்குக் கூட்டி வந்தார். வந்த அன்றைக்கே ஒரு தேங்காய் மூடியைக் கொடுத்துத் துருவச் சொன்னார்.

"எனக்கு வராதுப்பா" என்றாள்.

அந்தக் குரலில் வருத்தம்கூட இல்லை. வெளியே தூறல் போடுது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

உலகநாதனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஆறு வருஷமாகத் தம்பி வீட்டில் அவள் தலையில் ஏற்றி வைத்ததை ஆறே மாசத்தில் இறக்கிவிடுவது என்று முடிவு கட்டினார். மனுஷர் ஒன்றை நினைத்துவிட்டால் விடமாட்டார்.

மறுநாளிலிருந்து ஆரம்பித்தார். அவள் முற்றம் பெருக்கினால், "அடடா, கண்ணாடி மாதிரி இருக்கே!" தலை பின்னினால், "இந்த ஊர்ல எவளுக்கும் இப்படிப் பின்ன வராது." ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தால், "என் ராசாத்தி மாதிரி உண்டா!"

இரண்டு மாசம் விடாமல் சொன்னார். சொல்லச் சொல்லக் கோமு பேசுவது குறைந்தது. அவர் வாயைத் திறந்தாலே அவள் தோள் இரண்டும் உள்ளே ஒடுங்கும்.

ஒருநாள் காலையில் வாசலில் கோலம் போட்டாள். உலகநாதன் எட்டிப் பார்த்தார்.

"ஆகா! கோயில் வாசல்லகூட இப்படிக் கோலம் பார்த்ததில்ல."

கோமு தலை நிமிரவில்லை.

"ரெண்டு வரிசை கோணியிருக்கு. எனக்கே தெரியுதுப்பா."

"எங்க கோணியிருக்கு? நேராத்தான் இருக்கு."

அவள் கோலப்பொடிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று மத்தியானம் சாரல் விட்டிருந்தது. செண்பகத்தம்மாள் ஏணியில் நின்று மடத்துக் கூரையில் உடைந்த ஓடுகளை மாற்றிக்கொண்டிருந்தார். உலகநாதன் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணாச்சி."

"ஒரு பிள்ளைக்குத் தன்மேல ஒரு மதிப்பு வரணும்னா, என்ன சொல்லணும்? நானும் சொல்லாத வார்த்தை இல்ல. ஒண்ணுகூட அவகிட்ட ஒட்டமாட்டேங்கு."

குரு ஒரு ஓட்டைச் செருகினார். இன்னொன்றை எடுத்தார்.

"நாளைக்குக் கஞ்சி யாரு காய்ச்சப்போறா?"

"நான்தான்."

"கோமு காய்ச்சட்டும்."

உலகநாதனின் கை ஏணியை விட்டுவிடப் பார்த்தது. "அம்மா! அவளுக்குத் தேங்காயே துருவ வராது. நாற்பது பேரு குடிச்சுட்டு மலையேறணும். விளையாட்டுக் காரியமா?"

"விளையாட்டுக் காரியம்னா அவளைக் கூப்பிடவேண்டாமே" என்றார் குரு.

இறங்கிவந்து கோமுவை அழைத்தார். விஷயத்தைச் சொன்னார்.

"எனக்கு வராது" என்றாள் கோமு.

வரும் வரும் என்று சொல்ல உலகநாதன் வாயெடுத்தார். அதற்குள் குரு சொன்னார்: "வராதுதான். நீ இதுவரைக்கும் காய்ச்சினதில்லயே."

கோமு அவரை ஒரு கணம் பார்த்தாள். இப்படி ஒரு பதிலை அவள் எதிர்பார்க்கவில்லை.

"கெட்டுப்போனா?"

"கெட்டுப்போன கஞ்சியைக் குடிப்போம்."

பிறகு உலகநாதன் பக்கம் திரும்பினார். "அவ கேட்டாச் சொல்லுங்க. கேக்காமச் சொல்லாதீங்க. துடுப்பைத் தொடக்கூடாது. அண்டாவை இறக்க நானும் நீங்களும் போதும்."

மறுநாள் கோமு அடுப்பு மூட்டினாள். எவ்வளவு தண்ணீர் என்று கேட்டாள், சொன்னார். வெந்தயம் எப்போது போட என்று கேட்டாள், சொன்னார். அதற்குமேல் கேட்கவில்லை. அரிசி வெந்து கஞ்சி இறுகத் தொடங்கியது. இந்த நேரத்தில் கை ஓயாமல் துடுப்பைப் போட்டுக் கிண்டவேண்டும், விறகை வெளியே இழுக்கவேண்டும். கோமு பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

உலகநாதன் தன் இரண்டு கைகளையும் கக்கத்தில் சொருகிக்கொண்டு நின்றார். பதினோரு வருஷத்தில் அந்த அடுப்படியில் அவர் சும்மா நின்றது அன்றுதான்.

முதலில் வாசம் வந்தது. கோமு ஓடிவந்து துடுப்பை உள்ளே விட்டு அடியோடு சுரண்டினாள். கருகல் துண்டு துண்டாக மேலே வந்தது. அண்டா முழுக்கக் கருகல் வாசம் ஏறியது.

நாற்பது பேரும் வந்து பந்தியில் உட்கார்ந்தார்கள். கடைசியில் குருவும் உட்கார்ந்தார். கோமு தூணோடு தூணாக நின்றாள்.

முதல் வாய் குடித்ததுமே ஒருவர் முகத்தைச் சுளித்தார். "அடிபிடிச்சிருக்கே?"

"எங்க? நல்லாத்தானே இருக்கு!" என்றார் உலகநாதன் சத்தமாக. "புது அரிசி வாசம் அது."

கோமு தகப்பனைப் பார்த்தாள். தேங்காய் துருவ வராது என்று சொன்னபோது இருந்த அதே முகம் அவளுக்கு.

குரு கும்பாவைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். எழுந்து கை கழுவினார். கோமுவின் முன்னால் வந்து நின்றார்.

"அடிபிடிச்சிருக்கு. உப்பு சரியா இருக்கு. நாளைக்கும் நீதான் காய்ச்சுத."

கோமு தூணைவிட்டு வந்தாள். "நாளைக்கு அமாவாசைல்லா? நூத்தம்பது பேரு வருவாங்களே."

"ஆமா. பெரிய அண்டா எடுத்துக்கோ."

சாயங்காலம் வரைக்கும் கோமு அடுப்படிப் பின்னால் உட்கார்ந்து, கருகிய அண்டாவைத் தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாள். உலகநாதன் அதை வாங்கித் தேய்க்கப் போனார். அவள் கொடுக்கவில்லை. தேய்த்துக்கொண்டே ஒன்று கேட்டாள்.

"நான் சுரண்டாம விட்டிருந்தா மேல இருந்தது தப்பிச்சிருக்குமோ?"

"தப்பிச்சிருக்கும். பிடிச்ச உடனே தீயை இழுத்துட்டு, மேலாப்புல இருக்கிறதை வேற பாத்திரத்துக்கு மாத்திரணும். அடியைத் தொடவே கூடாது."

அவள் தலையாட்டினாள்.

எவ்வளவு புத்தியான கேள்வி என்று அவர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவளுடைய தோளைப் பார்த்தார். விழுங்கிக்கொண்டார்.

ஆனால் படுத்தபிறகு நூற்றைம்பது பேர் அவர் கண்முன்னால் வந்து நின்றார்கள். நூற்றைம்பது முகங்கள் சுளித்தன. நூற்றைம்பது பேரும் கோமுவைத் திரும்பிப் பார்த்தார்கள். தாயில்லாப் பிள்ளை, அதை எப்படித் தாங்குவாள்?

விடியும் முன்னே எழுந்தார். மாட்டுக்கொட்டில் பின்னால் மூன்று கல்லைக் கூட்டினார். இன்னொரு அண்டாவை வைத்து, தன் கைப்பக்குவத்தில் ஒரு கஞ்சி காய்ச்சினார். மூடி, மேலே சாக்கைப் போட்டு மறைத்தார். அவளுடையது கெட்டுப்போனால் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம். பிள்ளைக்குத் தெரியவே வேண்டாம்.

கோமு குளித்துவிட்டு வந்து பெரிய அண்டாவை ஏற்றினாள். அன்று அவள் கேள்விமேல் கேள்வி கேட்டாள். அரிசி உடைந்ததும் தானே விறகை இழுத்தாள். துடுப்பை இரண்டு கையாலும் பிடித்து, காலை அகட்டி நின்று கிண்டினாள். நெற்றி வியர்வை மூக்கு நுனியில் தொங்கியது. துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை.

"விறகு பத்தாது போலிருக்கு" என்றாள். "ரெண்டே ரெண்டு எடுத்துட்டு ஓடி வாரேன்."

விறகு கொட்டில் பக்கம் இருந்தது. அது உலகநாதனுக்கு உறைப்பதற்குள் அவள் போய்விட்டாள்.

திரும்பி வந்தபோது கையில் விறகு இல்லை.

"அங்க ஒரு அண்டா இருக்கு" என்றாள்.

உலகநாதன் கொட்டில் பக்கம் ஓரடி வைத்து நின்றுவிட்டார்.

"மூடியைத் திறந்து பார்த்தேன். நல்லாருக்கு. அதையே ஊத்துங்க."

துடுப்பை எடுத்து அடுப்படிச் சுவரில் சாய்த்து வைத்தாள். பாவாடையில் கையைத் துடைத்தாள். ஓடைப் பக்கம் நடந்து போனாள். அழவில்லை, கோபப்படவில்லை. அதுதான் அவரைக் குத்தியது.

கஞ்சி பொக் பொக்கென்று கொதித்தது. குரு வாசலில் வந்து நின்றார்.

"அம்மா, அவ விட்டுட்டுப் போயிட்டா. தப்பு என்மேலதான். இப்ப இது பிடிக்கப்போகுது. நான் கிண்டட்டுமா?"

"கிண்டுங்க. கஞ்சி பிழைச்சுக்கிடும்."

உலகநாதன் துடுப்பில் கை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். அடியில் லேசாக வாசம் கிளம்பியது. வெளியே முதல் கூட்டம் வந்து கால் கழுவுகிற சத்தம் கேட்டது.

துடுப்பை அப்படியே விட்டார். விறகு எரிகிற அடுப்பை அப்படியே விட்டார். ஓடைக்கு ஓடினார்.

கோமு ஒரு பாறையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி கோமு, உன்மேல நம்பிக்கை இல்லாம இல்லம்மா. நீ நல்லாத்தான் காய்ச்சுவேன்னு எனக்குத் தெரியும். சும்மா, ஒரு இதுக்கு..."

"பொய்" என்றாள் கோமு. திரும்பவில்லை.

உலகநாதன் நின்றார். தண்ணீர் ஓடியது. இரண்டு மாசமாகச் சேர்த்து வைத்திருந்த நல்ல வார்த்தை எதுவும் அப்போது அவர் வாய்க்கு வரவில்லை.

"பொய்தான்" என்றார்.

அவள் முதுகு அசைந்தது.

"பயந்துட்டேன். நேத்து மாதிரி ஆயிட்டா எல்லாரும் உன்னைச் சொல்லுவாங்களேன்னு பயம். நீ தாங்கமாட்டேன்னு நினைச்சேன். உன்னால முடியும்னு நான் நம்பல. நம்பாமத்தான் இத்தனை நாளும் ராசாத்தி ராசாத்தின்னு சொல்லிக்கிட்டிருந்தேன். உன் கோலம் கோணித்தான் இருந்துச்சு."

கோமு திரும்பினாள். மடத்துக்கு வந்த இந்த இரண்டு மாசத்தில் அவள் அவரை அப்படி நேருக்கு நேர் பார்த்ததில்லை.

"இப்ப?"

"இப்பவும் பயமாத்தான் இருக்கு."

கோமு மடத்துப் பக்கம் பார்த்தாள்.

"கஞ்சியை யாரு பாத்துக்கிடுதா?" என்று கேட்டாள்.

"யாரும் இல்ல."

"யாரும் இல்லையா? நீங்க கிண்டலையா?"

"கிண்டல. அது உன் கஞ்சி."

கோமு பாறையிலிருந்து குதித்தாள். பாவாடையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். உலகநாதனுக்கு மூச்சு வாங்கியது, எட்டிப் பிடிக்க முடியவில்லை.

அடுப்படியில் குரு கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். கருகல் வாசம் வாசல்வரை வந்திருந்தது.

கோமு விறகை எல்லாம் வெளியே இழுத்துப் போட்டாள். துடுப்பைத் தொடவில்லை. அகப்பையை எடுத்து மேலாகக் கொஞ்சம் மொண்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"பிடிச்சிருக்கு. ஆனா மேல ரொம்ப ஏறல" என்றாள். "அப்பா, ரெண்டு குத்துச்சட்டி கொண்டாங்க. மேலாப்புல மொண்டு ஊத்துங்க. நான் சொன்ன உடனே நிறுத்திரணும். அடியைத் தொடாதீங்க."

அவர் மொண்டார். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"போதும்!"

அவருக்கு இன்னும் இரண்டு அகப்பை மொள்ளலாம் என்று தோன்றியது. நிறுத்திவிட்டார்.

வெளியே கூட்டம் முற்றம் கொள்ளாமல் நின்றது. நூற்றைம்பது அல்ல, இருநூறுக்கு மேலே இருக்கும். குரு கோமுவிடம் கேட்டார்.

"ரெண்டு கஞ்சி இருக்கு. எதை ஊத்தலாம்?"

கோமு வெளியே எட்டிப் பார்த்தாள். தலைகளை எண்ணுவதுபோல உதட்டை அசைத்தாள். கொட்டில் பக்கம் ஒருதரம் பார்த்தாள்.

"ரெண்டும் வேணும்" என்றாள்.

தகப்பன் காய்ச்சிய அண்டாவும் வந்தது. கோமுதான் ஊற்றினாள். முன்வரிசையில் இருந்த ஒரு அம்மாள் மூக்கை உறிஞ்சினாள்.

"இதுல ஏதோ வாசம் வருதே தாயீ?"

உலகநாதனின் கால்கள் அவரை அறியாமல் ஓரடி முன்னே வைத்தன. குரு அவரைப் பார்த்தார். உலகநாதன் நின்றுகொண்டார்.

"இது நான் காய்ச்சினது. லேசா அடிபிடிச்சிட்டு" என்றாள் கோமு. குரல் கொஞ்சம் நடுங்கியது, ஆனால் வார்த்தை முழுசாக வந்தது. "அது எங்கப்பா காய்ச்சினது. அது நல்லாருக்கும். எது வேணும்?"

அந்த அம்மாள் சிரித்துவிட்டாள். "அப்ப உங்கப்பாவுதையே ஊத்து."

கோமு தகப்பனுடைய கஞ்சியை மொண்டு ஊற்றினாள். அவள் தோள் ஒடுங்குகிறதா என்று உலகநாதன் பார்த்தார். அவள் அடுத்த ஆளிடம் போய்விட்டாள்.

அடுத்தவர் ஒரு லாரி டிரைவர். "ரெண்டுலயும் பாதிப் பாதி ஊத்துத்தா" என்றார். அதற்கடுத்தவர் பசியில் எதையும் கேட்கவில்லை. ஒரு மணி நேரத்தில் இரண்டு கஞ்சியும் தீர்ந்தன. கூட்டம் மலைப்பாதையில் ஏறத் தொடங்கியது.

கோமு தன் குத்துச்சட்டியில் ஒட்டியிருந்ததை இரண்டு டம்ளரில் வழித்தாள். ஒன்றைத் தகப்பனிடம் கொடுத்தாள். தன்னுடையதைக் குடித்துவிட்டு, கண்ணை மூடி யோசித்தாள்.

"வெந்தயம் கூடிப்போச்சு."

இல்லையே என்று வந்தது உலகநாதனுக்கு. ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"ஆமா. கூடித்தான் போச்சு."

"ஒரு கைப்பிடி குறைக்கணும்."

"அரைக் கைப்பிடி போதும்."

"சரி" என்றாள். துவையல் வழித்த அம்மியைக் கழுவப் போனாள்.

வெயில் சாய்ந்தபிறகு பெரிய அண்டாவைத் தேய்க்க ஓடைக்குக் கொண்டு போனார்கள். கோமு உள்ளே பாதி உடம்பை விட்டுத் தேய்த்தாள். செண்பகத்தம்மாள் சற்றுத் தள்ளித் தன் புடவையை அலசிக்கொண்டிருந்தார். உலகநாதன் அவர் பக்கத்தில் போனார்.

"அம்மா, இனி இவகிட்ட நான் எப்படி நடந்துக்கணும்?"

குரு புடவையைப் பிழிந்தார்.

"அப்பா, வாங்க. தூக்கலாம்" என்று கோமு கூப்பிட்டாள்.

அண்டாவின் வளையங்களில் கயிறு கட்டி, கயிற்றில் ஒரு மூங்கில் கம்பைச் செருகினார்கள். முன்பக்கம் கோமு தோள் கொடுத்தாள். பின்பக்கம் உலகநாதன். கம்பைத் தூக்கிய உடனே அவர் கை தானாக நீண்டு, பாரம் தன்மேல் விழும்படி கயிற்றைத் தன் பக்கமாக ஒரு முழம் இழுத்துக்கொண்டது.

பத்தடி நடந்திருப்பார்கள். கோமு நின்றாள்.

"உங்க பக்கம் இழுத்துட்டீங்க."

"இல்லம்மா."

அவள் அடி எடுத்து வைக்கவில்லை.

"ஆமா, இழுத்தேன்" என்றார் உலகநாதன். "பித்தளைம்மா. கனமா இருக்கும்."

"நடுவுல வைங்கப்பா."

"மேடு வேற ஏறணும். தோள் காய்ச்சுப்போகும் தாயி."

"நடுவுல வைங்க."

உலகநாதன் கயிற்றைப் பிடித்தபடியே நின்றார். என்ன செய்வது என்று தெரியாமல் திரும்பி, கரையில் நின்ற குருவைப் பார்த்தார்.

செண்பகத்தம்மாள் புடவையை உதறிப் பாறையில் விரித்தார்.

"என்னைய ஏன் பாக்கீங்க அண்ணாச்சி? தூக்குறது அவல்லா."